ஜெராக்ஸ் கடைக்கு வந்த 19 பேர்

2019 ஏப்ரல் 27, சனிக்கிழமை. கடை ஷட்டரைப் பாதிதான் தூக்கியிருந்தேன், அதற்குள் போன் நாலு தடவை டிங் அடித்துவிட்டது. நாலு குரூப்பிலும் ஒரே செய்தி. ராமநாதபுரத்தில் 19 தீவிரவாதிகள் பதுங்கியிருக்கிறார்களாம், ரயில்களில் குண்டு வைக்கப் போகிறார்களாம். கூடவே ஒரு போலீஸ் கடிதத்தின் போட்டோ. பெங்களூரு போலீசுக்கு முதல் நாள் சாயங்காலம் யாரோ ஒருவர் போன் பண்ணிச் சொன்னதாகவும், அதை வைத்துக் கர்நாடக போலீஸ் மற்ற மாநிலங்களை உஷார்ப்படுத்தியதாகவும் அதில் இருந்தது.

ராமேஸ்வரம் போகும் வழியில் இருக்கிற மண்டபம் ஊரில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். ஆன்லைன் விண்ணப்பம், ரீசார்ஜ், லேமினேஷன் எல்லாம் உண்டு. யார் பாஸ்போர்ட்டுக்குப் போடுகிறார்கள், எந்தப் படகு யார் பெயருக்கு மாறுகிறது, யார் வீட்டில் பாகப்பிரிவினை, எல்லாமே என் மெஷின் கண்ணாடி மேல் ஒரு தடவை படுத்து எழுந்துதான் போகும். அப்படி ஊர்க் காகிதம் பூராவும் பார்க்கிறவள், அந்த ஒரு காகிதத்தை ஒழுங்காகப் படிக்கவில்லை. எங்கள் தெரு குரூப்பில் அதை அப்படியே தள்ளிவிட்டு, "எல்லாரும் ஜாக்கிரதையா இருங்க, பிள்ளைங்கள வெளிய விடாதீங்க" என்று என் பங்குக்கு ஒரு வரியும் சேர்த்தேன்.

ஒரு வாரமாகவே மனசு சரியில்லாமல் இருந்தது, அதுதான் காரணம். முந்தின ஞாயிறு, ஏப்ரல் 21, ஈஸ்டர். மீன்பிடித் தடைக்காலம் தொடங்கி ஒரு வாரம் ஆகியிருந்ததால் விசைப்படகுகள் கரையில் கட்டிக் கிடந்தன. நாட்டுப்படகுக்குத் தடை இல்லை. என் வீட்டுக்காரர் ராத்திரி வல்லத்தில் போய்விட்டு வந்து, வாசலில் உட்கார்ந்து வலையிலிருந்து நண்டு கழற்றிக்கொண்டிருந்தார். பக்கத்தில் ரேடியோவில் இலங்கை எஃப்எம். இந்தக் கரையில் பல வீடுகளில் அதுதான் ஓடும், அவ்வளவு தெளிவாகக் கேட்கும். பாட்டு பாதியில் நின்று செய்தி வந்தது. கொழும்பு கொச்சிக்கடை அந்தோணியார் கோயிலில் குண்டு. அப்புறம் நீர்கொழும்பு, மட்டக்களப்பு, பெரிய ஓட்டல்கள் என்று வரிசையாக. செத்தவர்கள் எண்ணிக்கை ஏறிக்கொண்டே போய்க் கடைசியில் 260ஐத் தாண்டியது. வீட்டுக்காரர் கையில் பாதி கழற்றிய நண்டு அப்படியே இருந்தது, அது விரலைக் கடித்தது கூட அவருக்குத் தெரியவில்லை.

அந்தோணியார் எங்களுக்கு அசலூர்ச் சாமி இல்லை. கச்சத்தீவில் இருப்பவரும் அவர்தான். அந்த மார்ச்சில்தான் இங்கிருந்து படகு படகாகத் திருவிழாவுக்குப் போய் வந்திருந்தார்கள். நாங்கள் இந்துக்கள். ஆனால் என் மாமியார் செவ்வாய்க்கிழமை ஆனால் அந்தோணியாருக்கு மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டுத்தான் சாப்பிடுவார். தனுஷ்கோடியிலிருந்து தலைமன்னார் சுமார் 30 கிலோமீட்டர். எங்களுக்கு மதுரையே அதைப்போல ஐந்து மடங்கு தூரம். டெல்லியில் குண்டு என்றால் டிவியில் பார்ப்போம், கொழும்பில் குண்டு என்றால் யார் வீட்டுச் சொந்தம் அங்கே இருக்கிறது என்று கேட்போம்.

எங்கள் ஊர் இலங்கை அகதிகள் முகாமில் ஒரு பிள்ளை. இங்கேயே பிறந்து வளர்ந்தவள், அப்போது காலேஜில் படித்துக்கொண்டிருந்தாள். கடைக்கு வந்தால் சும்மா நிற்க மாட்டாள். மெஷினில் தாள் சிக்கினால் பக்கவாட்டுக் கதவைத் திறந்து கிழியாமல் உருவி எடுப்பாள், எனக்கே அந்த லாகவம் வராது. ஈஸ்டருக்கு அடுத்த நாள் வந்தாள். அவளுடைய சித்தி குடும்பம் கொச்சிக்கடைப் பக்கம். "லைன் கிடைக்குதில்லை அக்கா" என்றாள். இலங்கையில் அன்றைக்கு ஊரடங்கு, வாட்ஸ்அப், பேஸ்புக் எல்லாவற்றையும் அரசாங்கம் முடக்கியிருந்தது. இவர்களோ பல வருஷமாக வாட்ஸ்அப்பில் மட்டுமே பேசிப் பழகியவர்கள், சித்தியின் சாதா நம்பர் என்ன என்பதே ஒரு டைரியைத் தேடித்தான் கிடைத்தது. என் போனில் ஐஎஸ்டி ரீசார்ஜ் போட்டு நேராகக் கூப்பிட்டோம். ரிங் போனது, யாரும் எடுக்கவில்லை. ஒரு எஸ்எம்எஸ் அனுப்பினோம். வெளிநாட்டில் சொந்தம் இருக்கிற வீட்டார் இதை மட்டுமாவது செய்து வையுங்கள்: சாதா நம்பரும், பக்கத்து வீட்டுக்காரர் நம்பர் ஒன்றும் ஒரு நோட்டில் பேனாவால் எழுதி இருக்கட்டும். கலவரம், புயல் எது வந்தாலும் முதலில் படுப்பது நெட்தான்.

சரி, சனிக்கிழமைக்கு வருகிறேன். பத்து மணி இருக்கும். கடை முன்னால் நாலைந்து பேர் பேப்பரும் கையுமாக நின்று 19 பேரைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தார்கள். எங்கே இறங்கியிருப்பார்கள், எந்தத் தோப்பில் இருப்பார்கள் என்று ஆளுக்கொரு வரைபடம். ஒருவர், வயசில் பெரியவர், நான் மாமா என்று கூப்பிடுகிறவர், "முகாம் பக்கமும் கொஞ்சம் பாக்கணும்ப்பா, அங்கிருந்துதானே எல்லாம் வருது" என்றார். யாரும் மறுத்துப் பேசவில்லை. நானும்தான். அந்த நேரம் பார்த்து அந்தப் பிள்ளை படியேறி வந்தாள். கையில் போன், முகம் தூங்காத முகம். திரும்பக் கூப்பிட்டுப் பார்க்கத்தான் வந்திருக்கிறாள். நாலு பேரும் பேச்சை நிறுத்திவிட்டு அவளைப் பார்த்தார்கள்.

"அப்புறம் வாம்மா, மெஷின் ரிப்பேர்" என்றேன்.

சொல்லும்போதே என் முதுகுக்குப் பின்னால் மெஷின் யாருடைய பத்திரத்தையோ பக்கம் பக்கமாகத் துப்பிக்கொண்டிருந்தது. அவள் மெஷினைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "சரிக்கா" என்று இறங்கிப் போய்விட்டாள். அவள் கேட்க வந்தது மெஷினையே இல்லை.

அன்றைக்கே புரளி என்று தெரிந்துவிட்டது. போன் பண்ணியவர் பெங்களூரு பக்கம் லாரி ஓட்டிக்கொண்டிருந்த ஒரு முன்னாள் ராணுவ வீரர், போலீஸ் பிடித்துவிட்டது. பத்தொன்பது பேரில் ஒருவர் கூட இல்லை. நான் குரூப்பில் போட்டதை அழிக்கப் பார்த்தேன். எல்லாருக்கும் சேர்த்து அழிக்கும் நேரம் தாண்டிவிட்டது, என் போனிலிருந்து மட்டும்தான் போனது. "காலையில் நான் போட்டது பொய்ச் செய்தி, மன்னிக்கவும்" என்று எழுதினேன். காலையில் போட்டதற்குக் கைகூப்பியும் அழுதும் முப்பது பேர் பதில் போட்டார்கள். மறுப்புக்கு ஒரே ஒரு கட்டைவிரல், அதுவும் என் நாத்தனார்.

அதோடு முடிந்ததா என்றால் இல்லை. அந்த ஆகஸ்டில், இலங்கை வழியாக ஆறு பேர் தமிழ்நாட்டுக்குள் வந்துவிட்டதாக எச்சரிக்கை வந்து, கோயம்புத்தூரில் போலீஸைக் குவித்தார்கள். உடனே எங்கள் 19 பேரும் தேதி இல்லாமல் மறுபடி குரூப்புக்கு வந்துவிட்டார்கள். அன்றிலிருந்து எனக்கு ஒரு பழக்கம். இந்த மாதிரி எது வந்தாலும் முதலில் தேதியைத் தேடுவேன். தேதி இல்லாவிட்டால் அதைத் தொட மாட்டேன். இருந்தால், பார்த்தவர் யார், எங்கே பார்த்தார் என்று அனுப்பியவரிடமே கேட்பேன். "எனக்கும் வந்தது" என்பதுதான் நூற்றுக்குத் தொண்ணூறு பதில். மறுநாள் காலை வரைக்கும் வைத்திருந்தால் பாதி தானாகச் செத்துவிடும். நிஜமாகவே அவசரம் என்றால், என் தெரு குரூப்பைவிட முன்னால் மைக் கட்டிய போலீஸ் ஜீப் வந்துவிடும்.

அந்த ஏப்ரல் சனிக்கிழமை ராத்திரி என் அம்மாவுக்கு போன் பண்ணினேன். நடந்ததைச் சொன்னதும், "ராணி சோப் ஞாபகம் இருக்கா?" என்றார். எப்படி மறக்கும்.

1991இல் எனக்குப் பன்னிரண்டு வயது. அதற்கு முந்தின வருஷம்தான் அங்கே சண்டை மறுபடி மூண்டு ஆயிரக்கணக்கில் இந்தக் கரைக்கு வந்து இறங்கினார்கள். மணல் திட்டில் தவித்து நின்றவர்களை என் அப்பா வல்லத்தில் ஏற்றிக் கரை சேர்த்திருக்கிறார். அதில் ஒரு குடும்பம் எங்கள் வீட்டுத் திண்ணையில் நாலு நாள் இருந்தது. போகும்போது அம்மாவுக்கு ஒரு பெட்டி ராணி சந்தன சோப் கொடுத்தார்கள். சிலோன் சோப், வாசம் தெருவுக்கே வரும். அம்மா அதைப் பீரோவில் சேலை மடிப்புக்குள் வைத்திருந்தார். மே 21, ஸ்ரீபெரும்புதூரில் ராஜீவ் காந்தி கொல்லப்பட்டார். அடுத்த வாரமே இந்தக் கரை முழுக்க விசாரணை. யார் ஏற்றி வந்தது, யார் வீட்டில் தங்கியது என்று கேள்வி. அப்பாவையும் கூப்பிட்டு விசாரித்து அனுப்பினார்கள். அவர் போன அன்றைக்கு அம்மா அந்த சோப்புகளை ஒவ்வொன்றாக எடுத்துக் கொல்லையில் குழி தோண்டிப் புதைத்தார். சோப்பில் என்ன இருக்கிறது என்று இப்போது சிரிக்கலாம், அன்றைக்குச் சிரிப்பு வரவில்லை. அதற்கப்புறம் முகாம் சனங்களைக் கடைத்தெருவில் பார்த்தால் அம்மா தலையைக் குனிந்துகொண்டு போவார். நாலு நாள் திண்ணையில் இருந்த அந்தக் குடும்பத்தையும் ஒரு தடவை அப்படிக் கடந்தார். "அந்தப் பொம்பள என்னைப் பாத்துச் சிரிக்க வந்துச்சு, நான் மீன்காரிட்ட விலை கேக்குற மாதிரி திரும்பிக்கிட்டேன்" என்றார் போனில். இருபத்தெட்டு வருஷம் கழித்து எனக்கு முதல் தடவையாகச் சொல்கிறார். நான் வாம்மா என்றாவது சொன்னேன் என்று தேற்றிக்கொள்ளப் பார்த்தேன், முடியவில்லை.

புதைத்து வைப்பது என்றதும் இதையும் சொல்லிவிடுகிறேன். 2018 ஜூனில் தங்கச்சிமடத்தில் ஒரு மீனவர் வீட்டில் கழிவுநீர்த் தொட்டிக்குக் குழி தோண்டியபோது பெட்டி பெட்டியாகத் தோட்டாக்களும் வெடிபொருளும் கிடைத்தன. எண்பதுகளில் இலங்கைப் போராளி இயக்கங்கள் இந்தப் பக்கம் இருந்த காலத்துச் சரக்கு. அத்தனை வருஷம் அதன் மேல்தான் துணி காயப்போட்டு, பிள்ளைகள் விளையாடி, சமைத்துச் சாப்பிட்டிருக்கிறார்கள். தோண்டியவர்கள் நிறுத்திவிட்டு போலீசுக்குச் சொன்னார்கள். செய்ய வேண்டியது அதுதான். துருப்பிடித்த இரும்பு என்று பழைய இரும்புக் கடைக்குத் தூக்கிக்கொண்டு போவதோ, கடப்பாரையால் தட்டிப் பார்ப்பதோ வேண்டாம். கரை ஒதுங்கும் மூட்டைக்கும் அதே கதைதான். இங்கே ஒதுங்குவதில் பெரும்பாலும் கடத்தல் சரக்கு, கஞ்சாவோ பீடி இலையோ இருக்கும். தங்கத்தையே கடலில் போட்டுவிட்டுப் போய், கடலோரக் காவல் படை ஆள் இறக்கி எடுத்த கதை 2023இல் இந்த மன்னார் வளைகுடாவில் நடந்தது. எதுவாக இருந்தாலும் தொடாமல் தள்ளி வந்து 1093க்குக் கூப்பிடுங்கள், மரைன் போலீஸ். நடுக்கடலில் என்றால் 1554, கடலோரக் காவல் படை. ஊருக்குள் என்றால் 112. என் கடைச் சுவரில் இந்த மூன்று நம்பரையும் பெரிய எழுத்தில் அடித்து லேமினேட் பண்ணி ஒட்டியிருக்கிறேன். எழுத்து மங்கியதால் இரண்டு தடவை மாற்றியாயிற்று.

கூப்பிடும்போது என்ன சொல்வது என்பதை என் வீட்டுக்காரரிடம்தான் கற்றுக்கொண்டேன். "சந்தேகமா ஒரு போட்" என்று சொன்னால் ஒரு பிரயோஜனமும் இல்லை. படகின் நிறம், நம்பர் தெரிந்தால் நம்பர், எத்தனை இன்ஜின், எத்தனை தலை, எந்தத் திசையில் போகிறது, மணி என்ன. கிட்டப் போய்ப் பார்க்கவும் கூடாது, போட்டோ எடுக்கிறேன் என்று துரத்தவும் கூடாது. 2008 நவம்பரில் மும்பைக்கு வந்த பத்துப் பேரும் குஜராத்தின் குபேர் என்ற மீன்பிடிப் படகைக் கைப்பற்றி, அதில் இருந்த மீனவர்களைக் கொன்றுவிட்டுத்தான் வந்தார்கள். ரப்பர் படகில் கரையேறியவர்களைப் பார்த்து யாரென்று கேட்டவர்களும் கொலாபா மீனவர் குடியிருப்புக்காரர்கள்தான். எங்கள் ஆட்களுக்கு பயோமெட்ரிக் அட்டை வந்ததெல்லாம் அதற்கு அப்புறம். முதலில் சலித்துக்கொண்டார்கள், "நம்ம கடல்ல நம்மகிட்டயே அட்டையா?" என்று. இப்போது அட்டையை பிளாஸ்டிக் பையில் சுற்றி டிபன் தூக்கோடு கட்டிக்கொண்டு போகிறார்கள். ஒரு நகல் வீட்டில் இருக்கட்டும். கடலில் விழுந்து தொலைத்துவிட்டு நகலும் இல்லாமல் என் கடைக்கு ஓடி வருகிறவர்கள் மாதம் ஒருவராவது உண்டு.

வருஷத்துக்கு இரண்டு தடவை வரும் சாகர் கவச் ஒத்திகையைப் பற்றியும் சொல்ல வேண்டும். போலீஸ்காரர்களே தீவிரவாதி வேஷத்தில் டம்மி குண்டோடு கடல் வழியாக உள்ளே வரப் பார்ப்பார்கள், மற்ற போலீஸ்காரர்கள் பிடிப்பார்கள். ஒருமுறை பக்கத்து வீட்டுப் பையன் மூச்சிரைக்க ஓடி வந்து, "அக்கா, தீவிரவாதிங்களைப் புடிச்சிட்டாங்க, டீக்கடையில வடை தின்னுக்கிட்டிருக்காங்க" என்றான். போய்ப் பார்த்தால், பிடித்தவர்களும் பிடிபட்டவர்களும் ஒரே பெஞ்சில். இப்படிச் சிரிப்பதும் ஒரு வகையில் நல்லதுதான். ஆனால் அன்றைக்கு வண்டியை நிறுத்திச் சோதித்தால் எரிச்சல்பட வேண்டாம். பாபர் மசூதி இடிக்கப்பட்ட நாளான டிசம்பர் 6 ஒட்டியும் பாம்பன் பாலம், ரயில், ராமேஸ்வரம் கோயில் எல்லா இடத்திலும் சோதனை இருக்கும். வெளியூர்ச் சொந்தக்காரர்களுக்கு நான் சொல்வது, அசல் அடையாள அட்டை, கையில் ஒரு மணி நேரம் கூடுதல்.

என் தொழில் பக்கம் ஒன்று. பயப்பட வேண்டிய இடத்தில் சனங்கள் பயப்படுவதே இல்லை. கண்ணுக்குத் தெரியாத 19 பேருக்கு நடுங்குகிறவர்கள், ஆதார் நகல் சரியாக விழவில்லை என்றால் அதைக் கசக்கி என் குப்பைக்கூடையிலேயே போட்டுவிட்டுப் போவார்கள். அடுத்தவர் பெயரில் சிம் வாங்கித்தான் பாதி திருட்டு வேலை நடக்கிறது. கெட்டுப்போன நகலை நான் நாலாகக் கிழித்துத்தான் போடுகிறேன். நகல் கொடுக்கும்போது எதற்காக, என்ன தேதி என்று அதன் மேலேயே குறுக்காக எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். கடைசி நாலு எண் மட்டும் தெரிகிற ஆதாரை இறக்கிக்கொள்ளலாம், பல இடத்துக்கு அது போதும். உங்கள் பெயரில் எத்தனை சிம் ஓடுகிறது என்று சஞ்சார் சாத்தி தளத்தில் பார்க்கலாம். ஒரு பாட்டிக்குப் பார்த்துக் கொடுத்தேன், அவருக்குத் தெரியாமல் மூன்று நம்பர் இருந்தது. ஒன்று பேரனுடையது. மற்ற இரண்டையும் என்னுடையதல்ல என்று அங்கேயே புகார் போட்டோம்.

பிள்ளைகள் விஷயத்தில் நான் செய்ததும் தப்புத்தான். என் மகனுக்கு அப்போது ஒன்பது வயது. நாங்கள் வீட்டில் பேசியதையெல்லாம் காதில் வாங்கிக்கொண்டு, ராமேஸ்வரத்தில் அத்தை வீட்டுக்கு வர மாட்டேன் என்று அடம் பிடித்தான். ரயில் பாலத்தில் போகும்போது குண்டு வெடிக்குமாம். "அதெல்லாம் ஒண்ணுமில்லடா" என்று நான் பத்துத் தடவை சொன்னேன், பத்துத் தடவையும் அவன் முகம் அதிகமாகத்தான் வெளிறியது. வீட்டுக்காரர் ஒன்றும் சொல்லவில்லை. ஒரு சாயங்காலம் அவனை வல்லத்தில் ஏற்றிப் பாலம் தெரிகிற தூரத்துக்குக் கூட்டிப் போனார். 1914இல் கட்டிய பாலம், அதன் தூண்களை எண்ணச் சொன்னார். அவன் நாற்பது வரை எண்ணி விட்டுவிட்டான். பாலத்து முனையில் துப்பாக்கியோடு நின்ற காவலரைப் பார்த்துக் கையை ஆட்டினான், அவரும் ஆட்டினார். திரும்பி வந்ததிலிருந்து அவன் பேச்சு முழுக்க அந்தக் காவலர் ராத்திரி எங்கே படுப்பார், மழை வந்தால் என்ன செய்வார் என்பதாகிவிட்டது. டிவியை ஒரு வாரம் நான் சாப்பாட்டு நேரத்தில் போடவில்லை, அதுவும் உதவியது.

அந்தப் பிள்ளையின் அம்மா மே மாதம் ஒரு நாள் ரேஷன் கடை வரிசையில் என் பக்கத்தில் நின்றார். நானாகத்தான் கேட்டேன். சித்தி கிடைத்துவிட்டாராம். அன்றைக்குப் பூசைக்குப் பிந்திப் போனதால் தப்பித்திருக்கிறார், பக்கத்து வீட்டில் இரண்டு பேர் இல்லை. "நீங்கள் போன் போட்டுத் தந்ததை மகள் சொன்னவள்" என்றார் அவர். சனிக்கிழமை நடந்ததைப் பற்றி அவருக்குத் தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை. எனக்கு வரிசையில் நிற்க முடியவில்லை.

ஜூனில் காலேஜ் திறந்தது. உதவித்தொகை விண்ணப்பத்தை எடுத்துக்கொண்டு அவள் வந்தாள். கடையில் அன்றைக்கு யாரும் இல்லை. எப்போதும் நேராக உள்ளே வருகிறவள், படியிலேயே நின்றாள். மெஷினில் பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்தது, அவளுக்கும் தெரியும்.

"மெஷின் சரியாயிட்டுதாக்கா?" என்றாள்.

"சரியாயிடுச்சும்மா, உள்ள வா" என்றேன். விண்ணப்பத்தை வாங்கக் கை நீட்டினேன். அவள் கொடுக்காமல், பழையபடி மூடியைத் தானே திறந்து, தாளைக் கண்ணாடி மேல் ஓரம் பார்த்து வைத்தாள்.